கொல்லையில் கொஞ்சம் மண் இருக்கட்டும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்ட விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, எத்தனையோ அலுவலுக்கு நடுவே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, வணிகர் சங்கப் பெரியவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் போட்டுக் கொடுத்த தம்பிகளே, நாற்காலி கிடைக்காமல் வேப்பமரத்தடியில் நிற்கிற தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைமையாசிரியர் ஐயாவிடம் ஏழாம் வகுப்பு படித்தவன் நான். அவருக்கு எதிரே ஒலிபெருக்கியைப் பிடித்து நிற்பதை என் வாழ்நாள் பேறாக நினைக்கிறேன்.

‘எங்கள் வீட்டுக் கொல்லை’ என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மரம், பறவை, ஊர்வன என்று மூன்றையும் தொட்டுப் பேச எண்ணம்.

வெண்ணாறும் கோரையாறும் பாமனியாறும் பிரிகிற மூணாறு தலைப்பு நம் நீடாமங்கலத்துக்குப் பெருமை. ஜூன் 12 மேட்டூர் திறந்தார்கள் என்று செய்தி வந்த கொஞ்ச நாளில் எங்கள் கொல்லைக் கிணற்றில் தண்ணீர் மேலே வந்துவிடும். கயிற்றில் எத்தனை முழம் மிச்சம் என்று பார்த்தே ஆற்றில் தண்ணீர் வந்ததைச் சொல்லுவார் என் அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்ற தாய். கிணற்றடியில் துவைக்கிற கல், அந்தத் தண்ணீர் ஓடிப் பாய வாழை, அதைத் தாண்டி கறிவேப்பிலை, நாரத்தை, வேலியோரம் முருங்கை. ‘முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான்’ என்பது அப்பாயிக்கு வாய் ஓயாத வாக்கு. முருங்கைக்கீரை தின்றவனுக்குக் கிழவயதிலும் கம்பு வேண்டாம், கையை வீசி நடக்கலாம் என்று பொருள் சொல்லுவார். அப்படியே நடந்தார், கடைசிவரை.

கறிவேப்பிலைச் செடியில் இலையை அரிக்கிற புழுவை நசுக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். அந்தப் புழுதான் கறுப்புச் சிறகில் வெள்ளைப் புள்ளி வைத்த பட்டாம்பூச்சியாக எழும்பும். கறிவேப்பிலை அழகி என்று அதற்குப் பெயர் உண்டு என்பதை நான் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்பாயிக்குப் பெயர் தெரியாது, பூச்சியைத் தெரியும்.

அத்தை கல்யாணத்தைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன். ஆவணி மாதம், வீட்டிலேயே கல்யாணம். பந்தி போடக் கொல்லையைச் சுத்தம் செய்து, கிணற்றடியிலிருந்து வேலிவரை பந்தல் போட வேண்டும் என்று அப்பா ஆளைக் கூட்டிவந்துவிட்டார். கிணற்றோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு அத்திக் கன்று. அதை வெட்ட அரிவாளை ஓங்கினார் பந்தல்காரர். “ஏய் நில்லுப்பா!” என்று அப்பாயி போட்ட சத்தத்தில் அரிவாள் கீழே விழுந்தது. அத்தியின் அகன்ற இலை ஒன்றின் இரண்டு விளிம்பையும் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து, உள்ளே கூடு வைத்திருந்தது தையல்சிட்டு. உள்ளே மூன்று முட்டை.

அப்பா கெஞ்சிப் பார்த்தார். “ஒரு குருவிக்காகப் பந்தலைக் குறைக்கணுமாம்மா? சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?” அப்பாயி அசையவில்லை. கடைசியில் அத்தியைச் சுற்றி நாலு முழம் விட்டுத்தான் பந்தல் எழுந்தது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு வந்தார்கள். நடுவே கூரை இல்லாமல் வெயில் இறங்குகிறது. மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கிக் கேட்டார்: “ஏங்க, பந்தலுக்குக் கீத்து பத்தலியா?” ஊரே திரும்பிப் பார்க்கிறது. அப்பாயி இலையில் பரிமாறிக்கொண்டே சொன்னார்: “கீத்து நெறய இருக்கு சம்பந்தி. அங்கன ஒரு பிரசவம் நடந்துக்கிட்டிருக்கு, சத்தம் போடாம சாப்பிடுங்க.”

அந்த அம்மா கை கழுவியதும் நேரே அத்தியடிக்குப் போனார். குனிந்து பார்த்தார். அன்றைக்குத்தான் ஓடு உடைத்து வந்த குஞ்சு, வாயை மட்டும் பிளந்து கிடந்தது. பந்திக்கு வந்த பிள்ளைகளை அதன்பின் அவரே காவல் நின்று விரட்டினார். மறுவீட்டுக்கு வந்தபோது அத்தையிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, “குஞ்சு பறந்துச்சா?” என்பதுதான்.

பேரூராட்சித் தலைவர் அவர்களே, இதைச் சொன்னது உங்களிடம் ஒன்று கேட்கத்தான். இன்றைக்கு நம் தெருவில் பின்சுவர்வரை சிமெண்ட் போடாத கொல்லையை எண்ணிவிடலாம். கம்பளிப்பூச்சி வருகிறது என்று முருங்கையை வெட்டுகிறார்கள். புழுவையும் நத்தையையும் தேடித் தின்கிற செம்போத்து வந்து உட்காரப் புதரே இல்லாமல் செய்துவிட்டு, பூச்சி பெருகிவிட்டது என்றால் எப்படி? 2003-இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். குழாய் வைத்தோம், குழி வெட்டினோம். ஆனால் மழை தானாக இறங்குகிற மண்ணைக் கல் பாவி மூடிவிட்டோம். ஐப்பசி மழை கொல்லையில் இறங்காமல் தெருவில் ஓடுகிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. முருங்கையும் முறிந்தது. மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை. மூடாமல் வைத்திருந்த எங்கள் கிணற்றில்தான் தெருவே கயிறு போட்டு இறைத்தது. தென்னை போனது போனதுதான். முறிந்த முருங்கை அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து, அடுத்த வருஷம் காய் கொடுத்தது. முருங்கை நட்டவன் வெறுங்கையோடு போவான் என்று அப்பாயி சொன்னதை அன்றைக்கு வேறுவிதமாக நினைத்துக்கொண்டேன், பெரியோர்களே. அது தின்றவனை மட்டும் தாங்குகிற மரமில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. புதிதாக வீடு கட்டுகிறவர்களிடம் வரைபடம் வாங்கும்போதே, பின்பக்கம் ஒரு பகுதியை மண்ணாக விடும்படி பேரூராட்சி எடுத்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சிமெண்ட் போட்டவர்கள் கிணற்றடிப் பக்கம் கொஞ்சம் உடைத்து விடுங்கள். தாய்மார்களே, இதை வீட்டில் ஆண்களிடம் விடாதீர்கள், நீங்களே ஆளை வைத்து உடையுங்கள்.

ஊர்வன பற்றிச் சொல்ல நேரமில்லை, நூலகர் அம்மா மணி பார்க்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் முருங்கைப் போத்து வெட்டி வைத்திருப்பேன். மணிக்கட்டுக் கனம், மூன்றடி நீளம். வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு கிடையாது. தண்ணீர் தேங்காத மேட்டில் நடுங்கள், வெட்டிய நுனியில் சாணி உருண்டை வையுங்கள், காயாது. மாணவர்கள் ஆளுக்கொன்று கொண்டுபோனால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.