ஈமு: அடைகிடக்கும் தந்தை

(கிளிநொச்சியில் ஆசிரியர்கள், மாணவர்கள், விவசாயிகள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, மாணவச் செல்வங்களே,

மயில் இறங்கிய வயலில் கதிர் என்னவாகும் என்பதை வன்னியில் எவருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அந்த மயிலினத்தில் தோகை விரித்தாடுவதோடு ஆணின் பங்கு முடிந்துவிட, அடைகிடந்து குஞ்சுகளைப் பற்றைக்குள் நடத்திச் செல்வது பேடே என்பதையும் அறிவீர்கள். அவுஸ்திரேலியாவுக்கே உரிய ஈமு இதற்கு நேர்மாறானது.

தீக்கோழிகளுக்கு அடுத்தபடியாக உயரமான இப்பறவை 1.9 மீற்றர் வரை வளரும். ஏறத்தாழ 20 சென்ரிமீற்றரே நீளமான சிறகுகள் பறக்க உதவா. ஆயினும் மூன்று விரல்கள் கொண்ட கால்களால் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் அது ஓடும். இறகைக் கையிலெடுத்துப் பார்த்தால், ஒரே அடியிலிருந்து இரண்டு தண்டுகள் கிளைத்து மயிர்போலத் தொங்குவது தெரியும். அவற்றின் கரிய நுனிகள் வெயிலை வாங்கிக்கொள்ள, உள்ளிருக்கும் தளர்ந்த பகுதி வெப்பத்தைத் தோலை அண்டவிடாது தடுப்பதால், உச்சிவெயிலிலும் ஈமு மேய்கிறது.

1932இல் மேற்கு அவுஸ்திரேலியாவின் கம்பியன் பகுதிக் கோதுமை வயல்களுக்குள் ஏறத்தாழ 20,000 ஈமுக்கள் புகுந்தபோது அரசு இயந்திரத் துப்பாக்கிகளுடன் படையினரை அனுப்பியது. பறவைகள் சிறு கூட்டங்களாகப் பிரிந்தோடியதால் அம்முயற்சி தோற்றது. யானைக்கும் மயிலுக்கும் இரவுபகலாகக் காவலிருப்போர் அந்த விவசாயிகளின் எரிச்சலை நன்கு உணர்வர்.

இனி, தலைப்புக்குரிய செய்திக்கு வருகிறேன். கழுத்திலுள்ள காற்றுப்பையால் முரசுபோல அதிர ஒலிப்பது பெண்ணே. ஆணிடம் உறுமல் மட்டுமே உண்டு. பெண் சில நாள்களுக்கு ஒன்றாகக் கரும்பச்சை முட்டைகளை இடும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரைக் கிலோ நிறையுடையது. ஓட்டின் மேற்படையைச் சுரண்டினால் உள்ளே இளநீலப் பச்சையும் அதற்கும் உள்ளே வெண்மையும் வெளிப்படும். முட்டைகள் சேரச் சேர ஆணுக்குப் பசி அடங்கி, அது கூட்டில் அமர்ந்துவிடும். ஏறத்தாழ எட்டு வாரம் இரையின்றி, முட்டைகளைப் புரட்ட மட்டும் எழுந்து, முன்னரே உடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே உயிர்வாழ்ந்து, தன் எடையில் மூன்றிலொரு பங்குவரை அது இழக்கிறது. இதற்கிடையில் பெண் வேறொரு துணையை நாடிச் சென்றுவிடுவதும் உண்டு. இதைக் கைவிடல் என்று கடிந்துகொள்ள நமக்கு உரிமையில்லை. மயிலின் ஆணை நாம் அவ்வாறு கடிந்ததில்லையே!

வியப்புக்குரியது இன்னொன்று: அந்த ஆண் காக்கும் முட்டைகள் அனைத்தும் அதனுடையவை அல்ல என்பதை மரபணு ஆய்வுகள் காட்டியுள்ளன. வரிவரியான உடலுடன் பொரித்துவரும் குஞ்சுகளை ஐந்தாறு மாதமேனும் அதுவே நடத்திச் செல்கிறது. அந்நாள்களில் தாய் ஈமு நெருங்கினாலும் விரட்டியடிக்கிறது.