எத்தனை முறை கழிக்கலாம்? வேறுபாட்டுச் செயலி

[திரையில்: 1, 4, 9, 16, 25]

பக்கத்துப் பக்கத்து எண்களைக் கழித்துப் பாருங்கள். 3, 5, 7, 9 வரும். வந்ததை இன்னொரு முறை கழித்தால் 2, 2, 2. "அடுத்த எண்ணிலிருந்து இந்த எண்ணைக் கழி" என்ற கட்டளைக்குப் பெயர்தான் டெல்டா, பாடப்புத்தகத்தில் முன்நோக்கு வேறுபாட்டுச் செயலி. திரும்பியும் வரலாம்: 9உடன் 2 சேர்த்தால் 11, அதை 25உடன் சேர்த்தால் 36, பெருக்கலே வேண்டாம். ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் 1820களில் கணக்குப் போடும் இயந்திரம் செய்யக் கிளம்பியது இதை நம்பித்தான்.

சரி, காலத்தொடருக்கு, அதாவது கால வரிசையில் பதிவான எண்களுக்கு, வருவோம்.

[திரையில்: மாதவாரியாகப் பன்னாட்டு விமானப் பயணிகள், 1949–1960]

புள்ளியியலாளர்கள் பாக்ஸ், ஜென்கின்ஸ் இருவரும் 1970இல் எழுதிய நூலால் பிரபலமான தரவு இது. 1949 ஜூலையில் 1,48,000 பேர், 1960 ஜூலையில் 6,22,000 பேர். கோடு ஏறிக்கொண்டே போகிறது, அதோடு ஒவ்வொரு ஜூலை, ஆகஸ்டிலும் ஒரு மேடு, நவம்பரில் பள்ளம். போன மாதத்தைக் கழித்தால் ஏற்றம் போய்விடும், ஆனால் அந்த மேடு பள்ளம் அப்படியே நிற்கும். அதனால் போன வருடம் இதே மாதத்தைக் கழிக்கிறோம், அதாவது 12 படி பின்னால் போய்.

1950 ஜூலையில் வித்தியாசம் 22,000. 1960 ஜூலையில் 74,000. வித்தியாசமே வளர்கிறதே என்று தோன்றும், ஆனால் சதவீதமாகப் பார்த்தால் முதலாவது சுமார் 15, இரண்டாவது சுமார் 13.5, கிட்டத்தட்ட ஒன்றுதான். மடக்கை (log) எடுத்தால் ஒரே சதவீத வளர்ச்சி ஒரே வித்தியாசமாக மாறிவிடும், அதனால்தான் முதலில் அதை எடுத்துவிட்டு அப்புறம் கழிக்கிறார்கள். எனக்கு இந்தத் தரவில் மிகவும் பிடித்த இடம் இதுதான். அதற்குப் பிறகும் கொஞ்சம் அலைச்சல் மிச்சமிருப்பதால் பக்கத்து மாதத்தை ஒரு முறை கழிக்கிறோம். 144 மாதங்களில் 131தான் கைக்கு வரும்.

இங்கே நிறுத்திவிடுங்கள், தயவுசெய்து! வெறும் இரைச்சலாக, அதாவது ஒன்றோடொன்று தொடர்பில்லாத தற்செயல் எண்களாக, ஆகிவிட்ட தொடரை மறுபடி கழித்தால் அதன் மாறுபாட்டளவு (எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு, variance) இரண்டு மடங்காகும். அதைவிட மோசம், ஒரே எண் ஒரு வித்தியாசத்தில் கூட்டலாகவும் அடுத்ததில் கழித்தலாகவும் நுழைவதால், பக்கத்து மதிப்புகளுக்கு நடுவே இல்லாத ஒட்டுறவு (correlation), மைனஸ் 0.5, புதிதாக முளைக்கும். ஒவ்வொரு படி இடைவெளிக்கும் ஒட்டுறவைக் காட்டும் உங்கள் வரைபடத்தில் முதல் படியிலேயே அந்த அளவு தெரிந்தால், கடைசியாகச் செய்த கழித்தலை எடுத்துவிட்டு மறுபடி வரைந்து பாருங்கள்.