பிள்ளைக்குப் புதுப் பள்ளிக்கூடம், பெற்றோருக்கு இரண்டு நாள் கொழும்பு

(யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சனசமூக நிலையத்தின் ஆண்டுவிழாவில், ஓய்வுபெற்ற பிரதி அதிபர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மாரே, கதிரை கிடைக்காமல் மதிலோரம் நிற்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் உரைக்குக் 'குடும்பமும் கல்வியும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தலைப்பில் மூன்று மணித்தியாலம் பேசலாம். ஒன்றுமே சொல்லாமலும் பேசலாம். நான் இரண்டு காரியங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, பிள்ளை பள்ளிக்கூடம் மாறுவது. மற்றது, கணவனும் மனைவியும் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு இரண்டு நாள் கொழும்புக்குப் போய் வருவது. முதலாவதைச் சொன்னபோது தலையாட்டினீர்கள். இரண்டாவதைச் சொன்னதும் முன்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள், அந்த இடத்துக்கும் வருவேன்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வெளிவரும் நாளை நினைத்துப் பாருங்கள். பத்து வயதுப் பிள்ளை இருநூறு புள்ளிக்கு எழுதிய பரீட்சை. வசதி குறைந்த பிள்ளைக்கு உதவிப்பணம் கொடுக்கவும், வளம் கூடிய பாடசாலையில் ஆறாம் தரத்துக்கு இடம் கொடுக்கவும் என்று ஏற்பட்ட பரீட்சை. இன்று உதவிப்பணத்தைப் பற்றி யாராவது வாய் திறக்கிறோமா? வெட்டுப்புள்ளி எவ்வளவு, எந்தப் பள்ளிக்கூடம் கிடைக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை புள்ளி, இவ்வளவும்தான் பேச்சு. மாலைக்குள் கனடாவில் இருந்து சித்தப்பாவும் நோர்வேயில் இருந்து மாமியும் தொலைபேசியில் வந்துவிடுவார்கள். பிள்ளை எங்கே என்று தேடினால் பின்வளவில் நாய்க்குட்டியோடு நிற்கும். எல்லோரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அதற்குத் தெரியும். தன்னிடம் ஒருவரும் பேசவில்லை என்பதும் தெரியும்.

வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையை யாழ்ப்பாணப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வேம்படி, இந்து, மத்திய கல்லூரி, சுண்டுக்குளி, பரியோவான் எல்லாம் பெயர் பெற்ற கல்லூரிகள். மத்தியும் பரியோவானும் 1904 முதல் ஆடிவரும் துடுப்பாட்டப் போட்டியை 'வடக்கின் பெரும் போர்' என்று சொல்லும்போது, அவற்றின் வாசலை மிதிக்காதவர்களுக்கும் உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் படிப்பு என்றாலே பட்டணம் என்ற கொள்கை நம் பாட்டன்மாருக்குத் தெரியாது. அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்து இறங்கிய பின் பள்ளிக்கூடம் தொடங்கியது தெல்லிப்பழையில். அவர்களுடைய உயர்கல்விக்கூடமான செமினரி 1823இல் எழுந்தது வட்டுக்கோட்டையில். பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி 1824இல் உடுவிலில். ஹாட்லிக் கல்லூரி பருத்தித்துறையில். 1910இல் மகாஜனாக் கல்லூரி, அதுவும் தெல்லிப்பழையில். சிறுப்பிட்டியில் பிறந்து வட்டுக்கோட்டையில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். ஊருக்குள் இருந்த படிப்பு அது. இன்று அதே ஊர்களின் ஒழுங்கைகளில் அதிகாலையிலேயே வான் ஹோன் அடிக்கிறது, பிள்ளைகளைப் பட்டணத்துக்கு ஏற்றுவதற்கு.

இனி, பிள்ளை பள்ளிக்கூடம் மாறத் தயங்கினால் நம்மில் பலர் சொல்லும் ஒரு வசனம் இருக்கிறது. "நாங்கள் நாலு பள்ளிக்கூடம் மாறிப் படித்தோம், எங்களுக்கு என்ன வந்துவிட்டது?" இந்த வசனத்தை நான் மதிக்கிறேன். அதைச் சொல்பவர்களுக்கு இன்று நாற்பது, நாற்பத்தைந்து வயது. 1990இல் போரால் வலிகாமம் வடக்கை விட்டு வந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, மழையில், நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இருக்கிறீர்கள். தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்த அந்தச் சிறுவர்கள்தாம் இன்றைய அப்பாமார், அம்மாமார். அங்கே காலையில் ஒரு பள்ளிக்கூடம், பின்னேரம் அதே கட்டடத்தில் இன்னொரு பள்ளிக்கூடம், இடம் போதாவிட்டால் மாமர நிழல். அப்படியும் சாதாரண தரப் பரீட்சை எழுதினீர்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அன்று பள்ளிக்கூடமே இடம்பெயர்ந்தது. பெயர்ப்பலகையும் வரவுப்பதிவேடும் கூட வந்தன. கணக்கு ஆசிரியரும் உங்களோடு நடந்தார். பக்கத்து வாங்கில் இருந்தவன் பக்கத்துக் கொட்டிலில் இருந்தான். கட்டடம் போனது, கூட்டம் போகவில்லை. இன்று உங்கள் மகள் மாறும்போது கட்டடம் பெரிதாகிறது, வசதி கூடுகிறது, கூட்டம் மட்டும் இல்லை. அவள் தனியாக மாறுகிறாள். போர்க்காலத்து இடப்பெயர்வோடு இதை ஒப்பிட முடியுமா என்று கேட்பீர்கள். துன்பத்தின் அளவில் முடியவே முடியாது. தனிமை என்ற ஒரு விடயத்தில் மட்டும், இவள் பாடு உங்கள் பாட்டைவிட ஒரு பிடி கூட.

பிரதி அதிபராக இருந்த காலத்தில் விடுகைப் பத்திரம் வாங்க வந்த பெற்றோர் எத்தனையோ பேருக்கு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெற்றோரின் முகம் பிரகாசமாக இருக்கும். பிள்ளை வெளியே விறாந்தையில் நிற்கும். ஒரு சிறுமி நினைவுக்கு வருகிறாள். நம் நாட்டில் எல்லா அரச பாடசாலைக்கும் ஒரே வெள்ளைச் சீருடைதானே. தாய் சொன்னார்: "நல்லது சேர், சட்டை புதிதாகத் தைக்கத் தேவையில்லை, கழுத்துப்பட்டியை மாற்றினால் போதும்." செலவுக் கணக்கில் அது சரி. அந்தப் பிள்ளை தன் கழுத்துப்பட்டியின் நுனியைச் சுட்டுவிரலில் சுற்றுவதும் விடுவதுமாக நின்றது. நுனியில் நீலப் பேனாவால் சிறிதாக இரண்டு பெயர்கள் எழுதியிருந்தன. ஒன்று அவளுடையது. மற்றது யாருடையது என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்.

அந்த இரண்டாவது பெயரைக் காப்பாற்றிக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தை மாற்றும் அதே மாதத்தில் ரியூசனையும் மாற்றாதீர்கள். சங்கீத வகுப்பையும் மாற்றாதீர்கள். பழைய சிநேகிதியைக் கிழமையில் ஒரு தடவையாவது காண ஓர் இடம் மிச்சம் இருக்கட்டும், அது கோயில் வீதியாக இருந்தாலும் சரி. தொடங்குவதற்கு முதல் ஒரு நாள், அதிபரிடம் கேட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்க்குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, வான் எந்தப் படலையில் நிற்கும் என்று காட்டிவிடுங்கள். ஆறாம் தரப் பிள்ளைக்கு முதல் கிழமையில் வரும் பயத்தில் பாதி பாடத்தைப் பற்றியது இல்லை. கழிப்பறை எங்கே என்று யாரிடம் கேட்பது என்ற பயம். மத்தியானம் வரை அடக்கிக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்கு வந்து ஓடும் பிள்ளைகளை உங்களுக்கும் தெரியும். முதல் தவணைப் புள்ளி குறைந்தால் அதற்கு ஒரு கூட்டம் வைக்காதீர்கள். முன்பு நாற்பது பேரில் முதலாம் பிள்ளையாக இருந்தது, இப்போது நாற்பது முதலாம் பிள்ளைகளுக்கு நடுவில் இருக்கிறது. யாரோ ஒருவர் நாற்பதாவதாக வரத்தானே வேண்டும்?

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன்.

பிள்ளை பட்டணத்துக்கு மாறியதும் வீட்டின் நாள் மாறுகிறது. விடியப்புறம் ஐந்து மணிக்கு அடுப்பு. பள்ளிக்கூடம் ஏழரைக்கு. ஒன்றரைக்கு விட்டதும் சாப்பாட்டுப் பெட்டியோடு அம்மா ஸ்கூட்டியில் ரியூசன் வாசலில் நிற்க வேண்டும். மாலையில் அப்பா மோட்டார் சைக்கிளில் இளையவனை ஏற்றப் போவார். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. சில குடும்பங்களில் தாயும் பிள்ளைகளும் பட்டணத்தில் வாடகை வீட்டில், தகப்பன் ஊரில் தோட்டத்தோடு. இந்த வீடுகளில் கணவன் மனைவிக்கு இடையில் ஒரு நாளில் நடக்கும் உரையாடலைக் கவனித்திருக்கிறீர்களா? "எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும்?" "வான் காசு கொடுத்தாயிற்றா?" "சயன்ஸ் வகுப்பு இன்றைக்கா நாளைக்கா?" இவ்வளவுதான். இரண்டு சாரதிகள் நேரசூசி பேசுவது போல.

இந்த நிலையில் இருக்கும் இரண்டு பேர்தான், பிள்ளையின் அடுத்த ஏழு எட்டு வருடத்தைத் தீர்மானிக்கும் முடிவையும் எடுக்கிறார்கள். எங்கே உட்கார்ந்து எடுக்கிறார்கள்? மோட்டார் சைக்கிளில், ஹெல்மெட்டுக்குள் இருந்து கத்தி. அல்லது இரவு பதினொரு மணிக்கு, ஒருவர் பாதி நித்திரையில். அல்லது பிள்ளையின் காது கேட்க, சாப்பாட்டு மேசையில். அதனால்தான் மாமிமாரும் சித்தப்பாமாரும் நமக்காக முடிவெடுக்கிறார்கள். நாம் இருவரும் பேசி முடிக்காத விடயத்தை ஊர் பேசி முடித்துவிடுகிறது.

ஆகவே நான் சொல்லும் வழி இது. விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முதல், இருவரும் ரயிலேறுங்கள். 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தபோது மாலையோடு போய் நின்ற ஊர் நாம். அந்த ரயிலில் நாம் எதற்குப் போகிறோம்? கடவுச்சீட்டுக்கு, விசா நேர்முகத்துக்கு, வைத்தியரிடம், கலியாண வீட்டுக்கு, யாரையாவது விமான நிலையத்தில் ஏற்றி அனுப்பி அழுவதற்கு. காரணம் இல்லாமல் கொழும்புக்குப் போன தம்பதியர் இருந்தால் கை உயர்த்துங்கள். ஒரு கை. அதுவும் புதிதாகக் கலியாணம் முடித்தவர், அவரைக் கணக்கில் எடுக்க முடியாது.

கடுகதியில் போனாலும் ஏழு மணித்தியாலம் அளவில் கையில் இருக்கிறது. கொடிகாமம் தாண்டும் வரை வீட்டு நினைவுதான் ஓடும், எரிவாயுவை மூடினோமா என்று. ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீரும் உப்பு வெளியும் விரியும்போது பேச்சு நின்றுபோகும். அது நல்லது. மாங்குளம், வவுனியா கழிந்த பின் பேசத் தொடங்குங்கள். பட்டணத்துப் பள்ளிக்கூடம் கிடைத்தால் விடியப்புறம் யார் எழும்புவது, தோட்டத்தை யார் பார்ப்பது, அம்மாவின் வேலை என்ன ஆகும், பிள்ளை என்ன கேட்கிறது, நமக்கு எது பயம். அநுராதபுரத்துக்கும் பொல்காவலைக்கும் இடையில் முடிவு வராவிட்டாலும், எதில் நாம் ஒத்துப்போகவில்லை என்பதாவது தெரிந்துவிடும். பத்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அது தெரியாத தம்பதியர் உண்டு.

கொழும்பில் இறங்கியதும் ஒரு எச்சரிக்கை. வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்காதீர்கள். அன்பான மனிதர்கள், குறை சொல்லவில்லை. ஆனால் கால் கழுவ முதல் கேட்பார்கள்: "பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டு வந்தீர்கள்?" மண்டபத்தில் பாய் விரிப்பார்கள், மறுநாள் உங்களை இரண்டு வீடுகளுக்குக் கூட்டிப் போவார்கள், மூன்றாவது வீட்டில் உங்கள் மகளின் புள்ளியைக் கேட்பார்கள். சின்ன விடுதி ஒன்றில் அறை எடுங்கள். உறவினருக்குத் திரும்பி வந்த பின் சொல்லுங்கள், கோபித்தால் மாம்பழம் அனுப்பிச் சமாளிக்கலாம்.

மற்றபடி என்ன பார்ப்பது என்று நான் பட்டியல் போடப் போவதில்லை. பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கிக் காற்றில் நில்லுங்கள். 1877இல் திறந்த நூதனசாலை இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஓடிப் பிடிக்கவே நேரம் போய்விடும், இப்போது கண்டி அரசரின் சிம்மாசனத்தை நின்று பார்க்கலாம். செட்டியார் தெருவில் நகைக்கடைக் கண்ணாடிகளை வெளியே நின்று பார்க்கக் காசு இல்லை. உள்ளே போனால் அது உங்கள் பாடு. வெள்ளவத்தையில் இருந்து கல்கிசைக்குக் கடலோர ரயிலில் வாசலோரம் நின்று போகலாம், அலைத்தூறல் முகத்தில் படும். காசு நிறைய வேண்டியதில்லை. ஒரு தவணை ரியூசன் காசுக்குள் முடியும்.

பிள்ளைகளை யாரிடம் விடுவது? முன்பென்றால் அம்மம்மா இருந்தார். இன்று பல வீடுகளின் அம்மம்மா ரொறன்ரோவில் பேரப்பிள்ளை வளர்க்கிறார். ஆகவே அயலில் நம்பிக்கையான ஒரு குடும்பத்தோடு பேசி வையுங்கள். இந்த மாதம் உங்கள் பிள்ளைகள் அவர்கள் வீட்டில், அடுத்த மாதம் அவர்கள் பிள்ளைகள் உங்கள் வீட்டில். அந்த இரண்டு நாளும் புட்டோ இடியப்பமோ எதைக் கொடுத்தாலும் கேட்காதீர்கள். மூன்று வேளையும் தொலைபேசி எடுக்காதீர்கள். வகுப்பு ஒன்று தவறினால் தவறட்டும்.

ஊர் என்ன சொல்லும் என்று அந்தப் பக்கத்தில் ஓர் அக்கா கேட்கிறார். ஊர் சொல்லும், அக்கா. "இந்த வயதில் இவர்களுக்கு என்ன கொழும்பு" என்று சொல்லும். மகள் எந்தப் பள்ளிக்கூடம் போனாலும் ஊர் சொல்லத்தான் போகிறது. ஊருக்கு இரண்டு கதை கொடுப்பதில் நமக்கு ஒரு நட்டமும் இல்லை. ஒன்று மட்டும், நீண்ட விடுமுறைக் கிழமையில் போக நினைக்காதீர்கள், ஆசனம் கிடைக்காது. முற்கூட்டியே பதிவு செய்யுங்கள், அதுவும் மாலையில் வகுப்பு வாசலில் காத்து நிற்கும் நேரத்திலேயே செய்யலாம்.

மேடைக்குப் பின்னால் சலங்கை கட்டிய பிள்ளைகள் பொறுமை இழந்து நிற்கிறார்கள். அவர்களுடைய அம்மாமார் வீடியோ எடுக்க இடம் பிடிக்க வேண்டும், நான் நிற்கும் இடம்தான் அவர்களுக்கு மறைக்கிறது. இறங்குகிறேன். வணக்கம்.