எரிகிற விளக்கும் தூண்டுகோலும்

(சேலம் அம்மாப்பேட்டையில் பெற்றோர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியப் பெருமக்களே, வேலைப்பளுவுக்கு நடுவில் வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, எனக்குக் கைத்தறிச் சால்வை போர்த்திய அண்ணன் அவர்களே (நம்மூர் நெசவுதான், கரையைப் பார்த்தே கண்டுகொண்டேன்), நாற்காலி கிடைக்காமல் ஜன்னலோரம் நிற்கும் தாய்மார்களே, வணக்கம்.

எரிகிற விளக்கானாலும் தூண்டுகோல் வேண்டும் என்பார்கள். நல்ல வாத்தியார்கள் இருந்தும் சில பள்ளிகள் மங்கிக் கிடப்பதற்குக் காரணம் அதுதான். தலைமையாசிரியரில் மூன்று வகை உண்டு: பூட்டி வைப்பவர், பகிர்ந்து கொடுப்பவர், கண்டுகொள்ளாதவர்.

முதல் வகைக்கு ஒரு கதை. ஏற்காட்டு மலையில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளி, பெயர் வேண்டாம். எங்கள் தலைமையாசிரியர் நேர்மையானவர், ஒரு பைசா தொடமாட்டார். ஆனால் சாக்பீஸைக்கூட எண்ணித்தான் கொடுப்பார். அத்தனை சாவியும் அவர் இடுப்பில். நடந்து வந்தாலே சலங்கைச் சத்தம் கேட்கும்; பிள்ளைகள் வைத்த பெயரும் 'சலங்கை சார்'தான். ஒருநாள் சத்துணவு அமைப்பாளர் லீவு, அரிசி அறைச் சாவி சாரிடம். சாரோ காலையிலேயே கூட்டத்துக்குச் சேலம் இறங்கிவிட்டார், சலங்கையோடு! பதினொரு மணிக்குச் சமையல் அம்மா பூட்டைப் பார்க்கிறார், பூட்டு அவரைப் பார்க்கிறது. போன் போட்டால் சிக்னல் இல்லை. கடைசியில் எஸ்டேட் லைன் வீடுகளில் ஆளுக்கொரு படி அரிசி கடன் வாங்கி உலை வைத்தோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி சார் வந்தபோது மணி மூன்றரை. வந்ததும் கேட்டார்: "யாரைக் கேட்டு அடுப்பு மூட்டினீங்க?"

அடுத்து வந்த அம்மையார் முதல் நாளே சுவரில் ஆணி அடித்துச் சாவிக்கொத்தை மாட்டினார். கீழே ஒரு நோட்டு: எடுப்பவர் பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர்கள் அதே ஆட்கள்தான். ஆனால் அந்த வருஷம்தான் நூலக அலமாரி திறந்தது. எரிகிற விளக்கானாலும்... சரி, நீங்களே முடித்துவிட்டீர்கள்.

மூன்றாவது வகையை நேரமிருந்தால் பார்ப்போம். அதைவிட அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். தலைமையாசிரியருக்கே தூண்டுகோல் யார்? நீங்கள்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். ஏட்டில் சரி. காபிப் பழம் பறிக்கும் மாசத்தில், வேலை நாள் மதியம் கூட்டம் என்றால் மலைத் தாய் எப்படி வருவாள்? அரைநாள் கூலி போகுமே! தறிக்காரர் வீட்டிலும் இதே கதைதான். அப்புறம், வராதவள் கையெழுத்தை வாங்க நோட்டு வீடு தேடிப் போகிறது.

அலுவலர் ஐயா, தங்களிடம் பணிவாகக் கேட்பது ஒன்றே: பழம் எடை போட்டு முடிந்தபின், மாலை ஆறு மணிக்குக் கூட்டம் போடச் சொல்லுங்கள். மனு எழுதி வைத்திருக்கிறேன். ஜன்னலோரத் தாய்மார்கள் முதலில் வந்து கையெழுத்துப் போடுங்கள். பேனா அந்த மேஜையில் இருக்கிறது, பூட்டி வைக்கவில்லை.