எதிர்வீட்டு மாடி

எல்லோருக்கும் வணக்கம். ஒரே படத்தில் அகலமான காட்சியை அடக்கும் வைட் ஆங்கிள் லென்ஸ் பற்றிப் பேசச் சொன்னார்கள். எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்கத்தான் பாதிப் பேர் வந்திருப்பீர்கள். அதை டீ குடிக்கும்போது வைத்துக்கொள்ளலாம். இப்போது திருவல்லிக்கேணி மேன்ஷன்களுக்குப் போவோம்.

பாரிமுனை டேர் ஹவுஸ் அலுவலகக் கட்டடம் 1940-இல் கட்டி முடித்தது. அதைப் படம் எடுக்க ஆள் இருக்கிறது. வேலை தேடிச் சென்னைக்கு வந்தவர்கள் தங்கிய மேன்ஷன் பக்கம் கேமரா திரும்புவது அபூர்வம். எடுப்பதும் சுலபமில்லை. இரண்டடி பின்னால் போனால் எதிர்வீட்டுச் சுவர் முதுகில் முட்டும்.

முதல் தடவை கேமராவின் முகத்தை அப்படியே மேலே தூக்கி எடுத்தேன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி வரை வந்துவிட்டது. பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது உரிமையாளர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, நல்லா நிக்கிற கட்டடத்தைப் பின்னாடி சாய்ச்சுட்டீங்களே?" என்றார். லென்ஸ் மேல் பழி போட்டுத் தப்பித்தேன். பாவம், லென்ஸ் என்ன செய்யும்? எந்த லென்ஸானாலும் கேமராவைத் தூக்கினால் சுவர்க்கோடுகள் மேலே போகப் போக நெருங்கும். வைட் லென்ஸில் அது அப்பட்டமாகத் தெரிகிறது.

சரி, தூக்காமல் நேராகப் பிடித்தால்? பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 24 மி.மீ. லென்ஸை நெடுக்காகப் பிடித்தால், மேலும் கீழுமாகச் சுமார் 74 டிகிரி பார்க்கும். 20 அடித் தெரு, கண் உயரம் 5 அடி என்றால், கண்ணுக்கு மேலே 15 அடி, கீழே 15 அடி. கட்டடத்தில் 20 அடிதான் கிடைக்கும், இரண்டு தளம். படத்தின் அடியில் மூன்றில் ஒரு பங்கு வெறும் ரோடு. அதே கேமராவோடு எதிர்வீட்டு முதல் மாடிக்கு ஏறுங்கள். கண் இப்போது 15 அடி உயரத்தில். தரையிலிருந்து 30 அடி, மூன்று தளமும் தூக்குக்குண்டு விட்டாற்போல் நிற்கும்.

கேமரா அசையாமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்துகிற ஷிஃப்ட் லென்ஸும் உண்டு. விலையைக் கேட்டால் மாடி ஏறுவதே மேல் என்று தோன்றும்.

ஓரங்களில் மட்டும் ஜாக்கிரதை. மூலையில் நிற்கிற ஸ்கூட்டர் ரப்பர் மாதிரி இழுபடும். ஆள் நின்றால் பருத்துவிடுவார்.

மாடி ஏற அந்த வீட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டேன். காலை எட்டு மணி. ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப எடுத்து என்ன பண்ணுவீங்க? எங்க வீட்டு நிழல்தான் அதுமேல விழுந்து கிடக்கு. பத்தரைக்கு அப்புறம் வாங்க" என்றார். கட்டடக்கலைப் படத்துக்கு வெளிச்சம் பார்க்க எனக்கு இத்தனை சுருக்கமாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

பத்தே முக்காலுக்குப் போனேன். வெயில் சுவரை உரசிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு சன்ஷேடுக்கும் கீழே ஒரே நீளத்தில் நிழல். மூன்றாம் தளக் கிரில்லில் லுங்கி காய்ந்தது. நான் கேமராவைச் சரிசெய்வதற்குள் அந்த அம்மா எட்டிப் பார்த்து, அந்தப் பையன் இன்றைக்கு லீவு போலிருக்கிறது என்றார்.