ஒரு மணி நேரம் என்றார்

சூலூர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நான் எழுந்ததும் தலைக்கு மேலே தேஜஸ் போர்விமானம் ஒன்று போயிற்று. சத்தம் ஓயட்டும் என்று நின்றேன். உங்களில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை! விசைத்தறிச் சத்தத்தில் தூங்கிப் பழகியவர்களுக்கு அதெல்லாம் ஒரு சத்தமா?

இன்று நம் விமானப்படையின் தளபதியாக இருந்த அர்ஜன் சிங்கைப் பற்றிப் பேசுகிறேன். 1919 ஏப்ரல் 15இல் லயால்பூரில் பிறந்தவர். 1944இல் ஜப்பானியர் இம்பாலை வளைத்தபோது விமானப்படையின் ஒன்றாம் ஸ்குவாட்ரனை (விமானப் பிரிவை) நடத்தி டி.எஃப்.சி. என்ற வீரப் பதக்கம் வாங்கினார். 1947 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டைக்கு மேலே விமான அணிவகுப்பைத் தலைமை தாங்கி நடத்தினார். அதே நாட்களில்தான் அவர் பிறந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போயிற்று.

1964இல் விமானப்படைத் தலைமைத் தளபதி ஆனபோது வயது 45. அந்த வயதில் நாம் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருப்போம்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 1. காஷ்மீரின் சம்ப் பகுதிக்குள் பாகிஸ்தான் டாங்கிகள் புகுந்துவிட்டன. அக்னூர் பாலம் போனால் தரைப்படைக்கு வழியே இல்லை. விமானங்கள் கிளம்ப எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார் பாதுகாப்பு அமைச்சர் சவாண். ஒரு மணி நேரம் என்றார் அர்ஜன் சிங். சொன்ன நேரத்துக்குள் கிளம்பின.

கைதட்டாதீர்கள், இன்னும் முடியவில்லை. அன்று போனவற்றில் வாம்பயர்கள் உண்டு. அப்போதே பழசாகிப்போன விமானம். எதிரியிடம் இருந்ததோ அதைவிடப் புதிய சேபர் ஜெட். இருட்டுவதற்குள் நான்கு வாம்பயர்களை இழந்தோம். அதன்பின் அவற்றைப் போர்முனைக்கு அனுப்பவில்லை. ‘ஒரு மணி நேரம்’ என்ற சொல்லை வீரவசனமாக மேடைகளில் முழங்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாரை அனுப்புகிறோம், எதில் அனுப்புகிறோம் என்று தெரிந்தே ஒருவர் வாயிலிருந்து வந்த சொல் அது.

பிறகு தூதர் பதவி, டெல்லித் துணைநிலை ஆளுநர் பதவி எல்லாம் வந்தன. 2002இல் விமானப்படை மார்ஷல் என்ற ஐந்து நட்சத்திரத் தகுதி பெற்றார். அதைப் பெற்ற ஒரே விமானப்படை அதிகாரி அவர்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறொன்று. நம் பக்கத்தில் ஒருவர் தோட்டத்தை விற்றால் கடன் முற்றிவிட்டது என்று கிணற்றடியில் பேசுவார்கள். இவர் டெல்லிக்குப் பக்கத்தில் இருந்த தம் பண்ணையை விற்று, இரண்டு கோடி ரூபாயை ஓய்வுபெற்ற விமானப்படையினரின் நலனுக்குக் கொடுத்தார்.

கடைசியாக, நம் கலாம். இளமையில் விமானியாக விரும்பித் தேர்வுக்குப் போனார். எட்டு இடங்கள், இவர் ஒன்பதாவது. 2015 ஜூலை 28 அன்று கலாமின் உடல் டெல்லியில் உள்ள ‘பாலம்’ விமான நிலையத்துக்கு வந்தது. 96 வயது அர்ஜன் சிங்கைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். பெட்டி அருகே வந்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கால்கள் தள்ளாட நின்று, கையை நெற்றிக்கு உயர்த்தி சல்யூட் அடித்தார்.