கூடைக்கும் ஓர் இடம் வேண்டும்
(மும்பை தாராவியில் நடந்த ஊர்க்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கொட்டும் மழையிலும் மாதுங்காவிலிருந்து வந்திருக்கும் மூத்த மருத்துவர் ஐயா அவர்களே, ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி ஐயா அவர்களே, மாநகராட்சிப் பள்ளித் தமிழாசிரியை அம்மையார் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபம் தந்த பெருமகனார் அவர்களே, அருமையாக வரவேற்றுப் பேசிய தம்பி அவர்களே, நெல்லை, தூத்துக்குடி, குமரிச் சீமைகளிலிருந்து வந்து இந்த நகரத்தில் வேரூன்றிய பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம்ம ஊர்க் கடற்கரைப் பேருந்துகளில் மீன் கூடைக்கும் ஓர் இடம் கேட்டு மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று சாலை, இரண்டு எஞ்சின், மூன்று கட்டணம். மூன்றுக்கும் ஒரே பழமொழிதான் திறவுகோல்: ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்.

அன்று திருவிதாங்கூரில் இருந்த குமரிப் பக்கம் நமக்கு முன்னோடி. 1938 பிப்ரவரி 20-இல் திருவிதாங்கூர் அரசு சொந்தமாகப் பேருந்து ஓட்டத் தொடங்கிவிட்டது. லண்டன் போக்குவரத்தில் வேலை பார்த்த சால்ட்டர் என்பவரை வரவழைத்துப் பொறுப்பைக் கொடுத்தார்கள். நெல்லைப் பக்கம் அப்போது தனியார் வண்டிகள்தான். திசையன்விளையிலிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரை ஓடிய சிறிய ரயிலும் 1940-இல் நின்றுபோனது. கன்னியாகுமரிக்கு ரயில் வந்ததே 1979-இல். அதுவரை பம்பாய்க்குக் கிளம்பிய குமரிக்காரர் திருநெல்வேலி வந்து ரயிலேறப் பேருந்தைத்தான் நம்பினார்.

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காட்டுச் சாலை தனி ரகம். ஆடிக்காற்றில் மணல் பறந்து சாலையை மூடும். சக்கரம் புதைந்தால் மிதிக்க மிதிக்க இன்னும் கீழே இறங்கும். தெரிந்த ஓட்டுநர் டயரில் காற்றைக் குறைப்பார், சக்கரத்துக்கு முன்னால் பனை ஓலையைப் பரப்புவார், முதல் கியரில் மெல்ல ஊர்ந்து வெளியே வருவார். ஆடிக் கறக்கிற மாடு அது.

எஞ்சினுக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது கரிவண்டி வந்தது. வண்டியின் பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் உலை. மேலிருந்து விறகுக்கரியைக் கொட்டி, மூடியை இறுக்கி, அடியில் தீ மூட்டுவார்கள். அப்புறம் கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும், கால் மணி நேரம். சோதனைக் குழாயில் தீக்குச்சியைக் காட்டி, சுடர் அணையாமல் எரிந்தால்தான் வாயு தயார். அதைக் குளிரவைத்து, வடிகட்டி, காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்புவார்கள். கடற்காற்றில் கரி ஈரம் கோத்தால் புகைதான் வரும்; கரி சரியாக வேகாமல் இருந்தால் தார் போய் வால்வில் ஒட்டும். உலையடியில் சாம்பல் கட்டிபிடித்தால் நடுவழியில் இறங்கிக் கம்பியால் குத்திவிட வேண்டும். பெட்ரோலில் இருந்த இழுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே மேடு வந்தால் நடத்துநர் குரல் கொடுப்பார், எல்லோரும் இறங்குவார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் தள்ள, பெண்கள் முன்னால் நடப்பார்கள். வண்டி மேட்டில் ஏறி நிற்கும்போது அவர்கள் அங்கே காத்திருப்பார்கள். அந்த வண்டியின் கூரையில் என்ன இருக்கும் தெரியுமா? கருப்பட்டிச் சிப்பம், முருங்கைக்காய்க் கட்டு, ஓலைக்கடவத்தில் மீன்! தள்ளிவிட்டால்தான் நகரும் என்ற நிலையிலும் மீனை இறக்கு என்று யாரும் சொல்லவில்லை.

1972-இல் பாண்டியன், 1974-இல் கட்டபொம்மன், 1983-இல் நேசமணி என்று அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வந்தன. 1997-இல் எல்லாம் ஒரே பெயருக்குள் வந்தன. கடலோரக் குக்கிராமத்துக்கும் வண்டி போனது. அது பெரிய சாதனை. ஆனால் நகரப் பேருந்தின் கூரையில் சாமான் ஏற்ற இடமில்லை. கரிவண்டி ஏற்றிக்கொண்ட மீனை டீசல் வண்டி இறக்கிவிட்டது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அம்மாவுக்குச் சீட்டு இலவசம், அவள் தலையிலிருக்கும் சட்டிக்கு இடமில்லை என்றால் அவள் எப்படிச் சந்தைக்குப் போவாள்?

நடத்துநரைக் குறை சொல்ல மாட்டேன். மீனில் வைத்த ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் தரைப்பலகையில் இறங்குகிறது. பலகை ஊறி உப்பும், போல்ட் துருப்பிடிக்கும், படிக்கட்டின் அடிச்சட்டம் பொரிந்து உதிரும். பணிமனையில் இதற்குப் பதில் சொல்வது அவர்தான். பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும், ஐயா! பின்வாசலை ஒட்டி இரண்டு இருக்கையை எடுத்துவிடுங்கள். மூன்றடிக்கு ஆறடி அலுமினியத் தகடு, ஓரத்தில் நான்கு அங்குல விளிம்பு, மூலையில் ஒரு வடிகுழாய். குழாயின் வாய் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் விலகி இருக்கட்டும். தகட்டை இரும்பு போல்ட்டில் நேரே முடுக்கினால் உப்புநீரில் அலுமினியம் அரித்துப்போகும். நடுவில் ரப்பர் வாஷர் வையுங்கள். இரவு பணிமனையில் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தையும் கழுவ வேண்டும்.

இது நடக்குமா என்று கேட்பவர்கள் நாளைக் காலையில் ஏ.சி. இல்லாத எந்த லோக்கல் ரயிலிலும் பாருங்கள். வியாபாரிகளுக்கென்று தனி லக்கேஜ் டப்பா இருக்கிறது. சசூன் டாக் மீன்பிடித் துறைமுகத்தில் மீன் எடுத்த கோலி மீனவப் பெண்கள் கூடையோடு அதில்தான் ஏறுகிறார்கள். இத்தனை நெரிசல் நகரத்துக்கு முடிந்தது, நம்ம கடற்கரை ஊர்களான உவரிக்கும் மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் ஏன் முடியாது?

கட்டணத்தைப் பற்றிப் பேச நேரமில்லை. தலைவர் மணி அடித்துவிட்டார். வாசலில் மேசைமேல் கூடைக்கு இடம் கேட்கும் மனு இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் ஊர்ப் பெயர், தட எண், ஊரில் மீன் ஏலம் முடியும் நேரம், அதற்கடுத்த வண்டி புறப்படும் நேரம் ஆகியவற்றையும் எழுதுங்கள். நேரம் தெரியாதவர்கள் இன்றிரவே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.